தீட்டும் மாசும்

பொல்யூஷன்! பள்ளிச் சிறுவனும் அறிந்த ஆங்கிலச் சொல். புகை கக்கிப் போகும் பேருந்தைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவர் அதைச் சொல்கிறார். பாலாற்றங்கரையிலே கரித்துப்போன கிணற்றை எட்டிப் பார்க்கும் உழவர் சொல்கிறார். நாடாளுமன்றம் 1974இல் அச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய நீர்ச் சட்டத்தை இயற்றிற்று. தமிழ்நாட்டிலே 1982இல் அதற்கென ஒரு வாரியமே அமைக்கப்பட்டது. இத்தனை பேர் நாவிலே நடமாடும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால், "இதென்ன கேள்வி! அழுக்கு, கேடு, மாசு, வேறென்ன?" என்பார்கள். வேறும் உண்டு, தோழர்களே! அந்த ‘வேறு’ என்ன என்பதைத்தான் இங்கே நாம் ஆராயப் புகுகிறோம்.

அழுக்காக்குதல், கறைப்படுத்துதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையொன்றிலிருந்து பிறந்து, பதினான்காம் நூற்றாண்டிலே ஆங்கிலத்துக்குள் புகுந்த சொல் இது. புகுந்தபோது அதற்கு ஆலைப் புகை தெரியாது. சாயக் கழிவு தெரியாது. ஆலயத்தின் புனிதம் கெட்டது, உடலின் தூய்மை கெட்டது, ஆன்மாவிலே கறை படிந்தது என்று சொல்லத்தான் சமயவாதிகள் அதை எடுத்தாண்டனர். ஆறும் காற்றும் கெடுவதைக் குறிக்க அச்சொல் வழங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. அந்தப் பொருள் உலகெங்கும் ஓங்கியதோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. ஐந்நூறு ஆண்டுக் காலம் கோயிலிலே குடியிருந்துவிட்டு, நேற்று முன்தினம் ஆய்வுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்த சொல் இது எனலாம். குடிபெயர்ந்தபோது பழைய மூட்டையையும் தலையிலே தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினை!

அதன் உறவுச் சொற்களையும் பார்ப்போம். ‘டிஃபைல்மென்ட்’ என்பது இன்றும் கோயிலை விட்டு முழுதாக வெளியே வராத சொல். ‘இம்ப்யூரிட்டி’ வேதியியலாருக்கும் பயன்படும், வேதியருக்கும் பயன்படும். நம்மைத் திடுக்கிட வைப்பது ‘கன்டாமினேஷன்’. குடிநீர் ஆய்வு அறிக்கைகளிலே நாள்தோறும் அடிபடும் இந்தச் சொல்லின் வேர், ‘தொடு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. தொடர்பைக் குறிக்கும் ‘கான்டாக்ட்’, தொற்றைக் குறிக்கும் ‘கன்டேஜன்’ ஆகியவையும் அதே வேரிலே கிளைத்தவை. தொட்டதால் கெட்டது என்பதே ‘கன்டாமினேஷன்’!

தமிழுக்கு வருவோம். தீண்டு என்றால் தொடு. தீண்டு என்ற வினை பெற்ற பிள்ளைதான் தீட்டு. (ஓவியம் தீட்டுவதும் கத்தி தீட்டுவதும் வேறு, அவை பாவம், நல்ல சொற்கள்.) தொட்டதால் கெட்டது என்பதே தீட்டு. உரோமாபுரியிலும் நம் நாட்டிலும் ஒரே எண்ணம் ஒரே வகையிலே சொல்லாகியிருக்கிறது. எங்கே பிரிந்தோம்? அங்கே அந்தச் சொல் நாளடைவில் நோய்க்கிருமியைத் தேடிப் போயிற்று; இங்கே அது மனிதனைத் தேடிப் போயிற்று. பிணத்தைத் தொட்டவன், மகவை ஈன்றவள் போன்றோருக்குச் சில நாட்கள் விலக்கு வைப்பது பழங்குடி மக்கள் பலரிடமும் இருந்த வழக்கம். குளித்தால் தீரும், நாள் கழிந்தால் தீரும். பிறந்தது முதல் இறக்கும்வரை தீராத தீட்டு, தந்தை மகனுக்கு விட்டுச் செல்லும் தீட்டு, ஒரு கூட்டத்தார் மீதே ஒட்டிவைத்த தீட்டு என்பது இந்து சமுதாயத்தின் தனிச் சரக்கு என்பதை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ என்னும் ஆங்கில நூலில் பிரித்துக் காட்டினார். சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு அதுவே நமக்குப் பாடம்.

ஆனால் அகராதிகள் பிரிக்கவில்லை. தமிழ் கற்க வந்த பாதிரியார்களும், ஆள வந்த அதிகாரிகளும், தீட்டு என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடியபோது தத்தம் கோயில் மொழியிலே கைக்குக் கிடைத்த ‘பொல்யூஷன்’ என்பதை எடுத்து எழுதினர். அன்றைக்கு அது பெரும்பிழை என்று சொல்ல மாட்டோம். இரண்டும் அப்போது மத மூட்டைகளே. எழுதியதோ அகராதியோடு நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே ஒடுக்கப்பட்ட வகுப்பார் யார் என்று கண்டறியப் பத்துச் சோதனைகள் வகுத்தார்கள். தொட்டாலோ, குறிப்பிட்ட தொலைவுக்குள் வந்தாலோ ‘பொல்யூஷன்’ உண்டாக்குகிறவர்களா என்பது அவற்றுள் ஒன்று. வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள்! ‘பிறர் இவர்களை ஒதுக்குகிறார்களா?’ என்று கேட்கவில்லை. ‘இவர்கள் கேடு உண்டாக்குகிறார்களா?’ என்று கேட்டார்கள். எழுவாய் மாறிற்று; குற்றவாளியும் மாறினான். ஒதுக்கியவன் வாக்கியத்திலேயே இல்லை!

பிறகு வந்த மேனாட்டு மானிடவியலாரும் அதே சொல்லைத் தொடர்ந்தனர். மேரி டக்ளஸ் தூய்மை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலும், லூயி துய்மோன் சாதியடுக்கு பற்றி எழுதிய பிரெஞ்சு நூலும் 1966 என்ற ஒரே ஆண்டிலே வெளிவந்தன. அறிவாளிகளின் நூல்கள்தாம், நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவற்றைப் படித்துவிட்டு வருகிற மாணவன், சேரிக்கும் ஊருக்கும் இடையே உள்ள சுவரை ‘பொல்யூஷன்’ என்றும், சாயக் கழிவை ‘பொல்யூஷன்’ என்றும் ஒரே நோட்டுப் புத்தகத்திலே குறித்துக்கொள்கிறான். கொடுமை ஒன்றுக்கு அறிவியலின் சட்டையை மாட்டிவிட்ட கதை இது.

இந்த இரண்டு பொருளும் வேறெங்கும் மோதாத வகையிலே மோதிக்கொள்கிற இடம் நம் வடஆர்க்காடு. வாலாஜா, இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையின் ஊர்களிலே பரந்து கிடக்கிறது தோல் தொழில். சாதி இந்துக்கள் தொட அஞ்சிய சரக்கை இசுலாமிய வணிகர்கள் கையிலெடுத்து ஏற்றுமதித் தொழிலாக வளர்த்தார்கள். தொட்டியில் இறங்கி உழைத்தவர்களிலே பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். இன்று காலணித் தொழிற்சாலைகளிலே பல்லாயிரம் பெண்கள் தைக்கிறார்கள், ஒட்டுகிறார்கள். ஆம்பூரிலே தைத்த காலணி ஐரோப்பியக் கடைவீதியின் கண்ணாடிப் பெட்டியிலே விளக்கொளியில் வீற்றிருக்கிறது. அதை அணிகிற சீமான் காலைத் தீட்டு தீண்டுவதில்லை!

தொழிலின் பெயரையே பாருங்கள். தோலைப் ‘பதனிடுதல்’ என்கிறோம். சோற்றுக்குப் பதம், வெல்லப் பாகுக்குப் பதம், தோலுக்கும் பதம். செத்த விலங்கின் தோலை அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் அழுகும். உப்பிட்டு அழுகலைத் தடுத்து, ஊறவைத்து, சுண்ணாம்பிலே இட்டு முடி களைந்து, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ போட்டெடுத்தால், தோலின் புரத நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகிவிடுகின்றன. அதன்பின் அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே இலகுவில் வேலையில்லை. அழுகலை வெல்லுகிற கலைக்குப் பெயர் பதனிடுதல். அழுகாமல் காப்பவன் அழுக்கன் என்றும், அதே தோலை இழுத்துக் கட்டிய மிருதங்கத்தை வாசிப்பவர் கலைமாமணி என்றும் சொல்கிற சமுதாயத்தை என்னென்பது! பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் மிருதங்கமாகிச் சபைக்குள்ளே போகலாம். அதைச் செய்து கொடுத்தவர் வாசற்படியிலே நிற்க வேண்டும். பூணூல் சடங்கிலே மான்தோல் மங்கலம். சிவனார் இடுப்பிலே புலித்தோல் திருவருள். மாட்டுத்தோல் மட்டும் தீட்டு. தோலிலே என்ன வேறுபாடு? தோலிலே இல்லை, தொட்ட ஆளிலே இருக்கிறது!

இன்னொரு சான்று வேண்டுமா? சென்னை அடையாற்றிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் நிறுவப்பட்டது. அங்கே வெள்ளை மேலங்கியோடு அதே தோலைத் தொட்டு, முகர்ந்து, கிழித்துப் பார்க்கிறவர் விஞ்ஞானி. நாடு அவருக்கு விருது தருகிறது. தரட்டும், மகிழ்கிறோம். வாணியம்பாடித் தொட்டியிலே அதே தோலைத் தொட்டவர் மட்டும் எப்படி வேறாகிப் போனார்? தொடுவதால் வருவதுதான் தீட்டு என்றால் அடையாற்றிலும் வந்திருக்க வேண்டுமே!

தீட்டைப் பற்றி ஓயாது பேசிய ஊர்கள் மாசைப் பற்றி எப்போது பேசத் தொடங்கின? பழைய முறையிலே ஆவாரம்பட்டை வேலை வாரக்கணக்கில் ஆகும். 1970களின் தொடக்கத்திலே, பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளிநாடு போவதைக் குறைத்து, முடித்த சரக்கை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று இந்திய அரசு கொள்கை வகுத்தது. அன்னியச் செலாவணிக்கு நல்லது, வேலைவாய்ப்புக்கும் நல்லது. விரைவிலே முடிகிற குரோமிய முறை எங்கும் பரவிற்று. தோலோடு வந்த உப்பும், தொட்டியிலே மிஞ்சிய குரோமியமும், கந்தகக் கழிவும் வாய்க்காலிலே இறங்கின. வாய்க்கால் பாலாற்றிலே இறங்கிற்று. பாலாற்று மணல் கிணற்றுக்குக் கொடுத்தது. இராணிப்பேட்டையிலே குரோமேட் தயாரித்த ஆலையொன்று 1990களின் நடுவிலே மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலையாகக் குவித்து விட்டுச் சென்றது.

வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்திலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற கணிப்பு அதிலே இடம்பெற்றது. தோல் தொழிலின் இன்னொரு நிலைக்களமான திண்டுக்கல் பக்கத்திலே 13 ஊர்களின் 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன என்ற ஆய்வும் அதே தீர்ப்பிலே எடுத்துக்காட்டப்பட்டது. சேரிக் கிணறு வேறு, ஊர்க் கிணறு வேறு என்று காவல் காத்த நாட்டிலே, நிலத்தடியிலே நடந்த உப்பு எந்தக் கிணற்று வாசலிலும் நின்று சாதி கேட்கவில்லை.

இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிய கொள்கைகளுள் ஒன்று: மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும். ஆங்கிலத்திலே இரண்டே சொல். உலகெங்கும் வழங்கும் தொடர். ஐந்து மாவட்டங்களிலும் உள்ள தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது நீதிமன்றம். இங்கேதான் நாம் சற்றே நின்று பார்க்க வேண்டும். ‘பொல்யூட்டர்’ என்று ஆங்கிலத்திலே சுட்டப்பட்ட ஆள் யார்? 1911ஆம் ஆண்டுக் கணக்கிலே அவர் ஏழை. கிணற்றிலே நீர் மொள்ளக் கூடாதவர். தெருவிலே நடக்கக் கூடாதவர். அன்றும் அவர்தான் ‘செலுத்தினார்’. தாகத்தால் செலுத்தினார், சுற்றுவழி நடந்து செலுத்தினார், அடிபட்டுச் செலுத்தினார். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே அதே சொல்லால் சுட்டப்படுபவர் ஆலை முதலாளி. சொல் ஒன்றே, ஆள் தலைகீழ்! செய்யாத கேட்டுக்குத் தண்டம் கட்டியவரையும், செய்த கேட்டுக்குத் தண்டம் கட்டாமல் இருந்தவரையும் ஒரே பெயரால் அழைக்கிற மொழி ஆங்கிலம். அந்தத் தீர்ப்பு வந்த நாளிலே நம் மாவட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம்! ஒரு ‘பொல்யூஷ’னை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் பெயரைத் தாங்கிய மாவட்டத்திலே மற்றொரு ‘பொல்யூஷ’னுக்குத் தீர்ப்பு. 1997இலே மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர் பெயர்களையெல்லாம் நீக்கியபோது அந்தப் பெயரும் போயிற்று.

"தீட்டு என்பது முன்னோர் கண்ட சுகாதார விதி, அக்காலத்து மாசுக் கட்டுப்பாடு" என்று பேசுவோர் இன்றும் உண்டு. 2020இல் கொள்ளைநோய் வந்து எல்லோரும் தள்ளி நின்றபோது, "பார்த்தீர்களா, பெரியவர்கள் சொன்னதை!" என்று தலைநிமிர்ந்தார்கள் சிலர். அவர்களுக்குத் துணை நிற்பது இந்த ஒற்றை ஆங்கிலச் சொல்தான். இரண்டும் ‘பொல்யூஷன்’ என்றால் இரண்டும் அறிவியல்தானே என்று முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சை அவிழ்ப்போம். குடிநீரிலே குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரக்கட்டளை. வெளியேற்றும் கழிவுநீரிலே கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது வாரியம். அளவு உண்டு, அளக்கக் கருவி உண்டு, அளந்தவர் அய்யராயினும் ஆதிதிராவிடராயினும் அதே எண் வரும். தீட்டுக்கு என்ன அலகு? அளவே இல்லை என்று சொல்ல மாட்டோம். மலையாளக் கரையிலே அடிக்கணக்கு வைத்திருந்தார்கள். இந்தச் சாதி இத்தனை அடி, அந்தச் சாதி அத்தனை அடி! 1924இல் பெரியார் வைக்கம் தெருவிலே போராடிச் சிறை புகுந்தது அந்த அடிக்கணக்கை எதிர்த்துத்தான். சாதிக்குச் சாதி நீளுகிற அளவுகோலை எந்த ஆய்வுக்கூடத்திலே வைப்பது?

மராட்டிய மண்ணிலே மகாடு என்னும் ஊர். 1927 மார்ச்சு 20ஆம் நாள் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் அங்குள்ள சவுதார் குளத்திலே இறங்கி நீர் அருந்தினார்கள். குளம் தீட்டாகிவிட்டதாம்! தீட்டைக் கழிக்க வைதீகர்கள் என்ன செய்தார்கள்? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடங்கள் அந்தக் குளத்திலே கொட்டினார்கள். இரண்டு கை நீர் எடுத்துக் குடித்தவர்களால் குளத்திலே ஒரு மில்லிகிராமும் கூடவில்லை. தீட்டுக் கழித்தவர்களால்தான் சாணம் கூடிற்று. மாசு என்ற சொல்லுக்குச் சட்டம் தருகிற இலக்கணப்படி அன்றைக்கு அந்தக் குளத்தை மாசுபடுத்தியவர் எவர்? வாரியம் அன்று இருந்திருந்தால் அந்த 108 குடத்துக்கன்றோ அறிவிப்பு அனுப்பியிருக்கும்!

வைதீகரைச் சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை வைத்தவர்கள் பெரும்பாலும் பூணூல் அணியாதவர்களே. வீட்டுப் பெண்ணை மாதம் மூன்று நாள் மூலையிலே உட்கார வைக்கிற பகுத்தறிவாளரும் உண்டு. அவரை இந்த ஏட்டின் வாசகர் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

மாசு என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். நல்ல தமிழ்ச்சொல், வள்ளுவர் மனத்தைப் பற்றிப் பேச எடுத்தாண்ட சொல். ஆயினும் புதுச் சொல்லுக்குள்ளே பழைய பொருள் ஓசையின்றிப் புகுந்துகொள்ளும். ஆலையின் கழிவு வாய்க்கால் சேரியோரமாக ஓடுகிறது. நாற்றம் ஆலைக்கு உரியது, பெயர் சேரிக்கு வந்து சேருகிறது! மாசு பற்றிய வழக்கிலே நம் கண்ணில் முதலில் படுவது ஹெக்டேரும் கிணறும். அந்த நிலமும் இல்லாமல், கிணறும் இல்லாமல், சுண்ணாம்பிலே வெந்த கையும் குரோமியத்திலே புண்ணான தோலுமாக நிற்கிற தொழிலாளியை உழவரின் பட்டியலும் மறந்தது, முதலாளியின் பட்டியலும் மறந்தது. ஆலையை மூடு என்றால் கூலி போகிறது. மூடாதே என்றால் உடல் போகிறது. கழிவுத் தொட்டிக்குள் இறங்கி நச்சுக்காற்றால் மடிந்த தோழர்களின் செய்தி இந்த வட்டாரத்திலிருந்து எத்தனை முறை வந்தாயிற்று! 2015 சனவரி 31 விடியுமுன் இராணிப்பேட்டையிலே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையிலே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைச் சேறு மூடிற்று. ஒன்பது பேர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசு அவர்களைத் தேடிப் போய்த் தொட்டது. அவர்கள் அதைத் தொடவில்லை.

ஈட்டுத் தொகை முழுதும் கைக்கு வராத உழவர்களின் வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. கேடு சீராகும்வரை கெடுத்தவரின் பொறுப்புத் தொடரும் என்றது.

இனி அகராதி எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் நம் வேண்டுகோள். ஆங்கிலத்திலே ‘பொல்யூஷன்’ என்று வந்தால், ஆற்றையும் காற்றையும் பற்றிய இடமா என்று பார்த்து மாசு என்று எழுதுங்கள். சாதியையும் சடங்கையும் பற்றிய இடமானால் தீட்டு என்று எழுதுங்கள், ‘மாசு’ என்று மெழுக வேண்டா. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தீட்டைப் ‘பொல்யூஷன்’ ஆக்காதீர்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராசின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. அதுபோன்ற நூல்கள் ஆங்கிலம் ஏறுகிற இக்காலத்திலே இது வெறும் அகராதிச் சண்டையன்று. பின் எப்படி எழுதுவது என்பீர்களேல், தீட்டு என்றே எழுதுங்கள். கட்டுமரத்தை அப்படியே வாங்கிக்கொண்டது ஆங்கிலம். கூலியையும் வாங்கிக்கொண்டது. பறையர் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளிலே ‘பரையா’ என்று தன் அகராதியிலே பூட்டி வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்டவனின் பெயரைக் கேட்டு வாங்கிய மொழிக்கு, ஒதுக்கியவனின் கருவிக்கு என்ன பெயர் என்பதையும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம்.